சிறகிகள் கத்தினவாம்

எனக்குக் காது போய்விட்டது என்று மெடிக்கல் ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். முழுதாக இல்லை. தாளில் ஒரு கோடு வரைந்திருந்தது. இடது பக்கம் நேராக வந்த கோடு வலது பக்கம் போகப்போகப் பள்ளத்தில் இறங்கியது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஆளுங்க பேசறது கேக்கும் சார். மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம்தான் கேக்காது. வருஷக்கணக்கா மெஷின் சத்தத்துல இருந்தா இப்படித்தான் ஆகும். போனது திரும்ப வராது."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பறவை சத்தம் கேக்குமா மேடம்?"

என் வயதுள்ள ஆள் இப்படிக் கேட்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேனாவை மூடினார். "எந்தப் பறவைங்கறதப் பொறுத்தது" என்றார். அது பதிலா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பதிலை நானே தேடித் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் அடுத்த வாராந்திர லீவில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினேன்.

மனைவியிடம் சும்மா ஒரு சுற்று போய் வருகிறேன் என்றேன். அவளுக்கு என் காது விஷயம் எனக்கு முன்பே தெரியும். போன மாதம் சுக்கு வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். நான் முறுக்கு வாங்கி வந்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு நாள் அவளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அது சத்தம் கொடுக்கும் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே எடுத்துக் கையில் கொடுத்து, "அது அப்பவே அடிச்சிடுச்சுங்க" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

இந்தக் காதுக்கு ஒரு பெருமை இருந்தது. அதைச் சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது புரியும். சுரங்கத்தில் வெட்டியதை வெளியே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டில் எனக்கு வேலை. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட். அதற்கு அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள். ஒரு ரோலருக்குள் பேரிங் கெட்டுப்போனால் அது கீச்சென்று அழ ஆரம்பிக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் சூடேறும். பெல்ட் தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒருவன் பெல்ட்டை ஒட்டி நடந்துகொண்டே இருக்க வேண்டும், எந்த ரோலர் அழுகிறது என்று கேட்டுக்கொண்டே. அந்த ஒருவன் நான். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் பேரிரைச்சலுக்கு நடுவில், முப்பதடி தள்ளி ஒரு ரோலர் முனகுவதைச் சொல்லிவிடுவேன். போர்மேன்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் கொடுத்தார்கள், போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்கள். காதை அடைத்துக்கொண்டு ரோலர் அழுவதை எப்படிக் கேட்பது? சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்த இரைச்சலில் முப்பத்தொரு வருஷம் திறந்த காதோடு நடந்தேன். என் காது அப்படிப்பட்ட காது என்று பீற்றிக்கொண்டே நடந்தேன்.

சரி, வருஷா வருஷம் காதுப் பரிசோதனையும் இருந்ததே, அப்போதெல்லாம் தெரியவில்லையா என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு வித்தை இருந்தது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அந்தக் கண்ணாடியில், சத்தத்தைப் போடுகிறவரின் தோள் அசைவது மங்கலாகத் தெரியும். தோள் அசைந்தால் அழுத்த வேண்டியது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் சீனியர்கள்தான். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் ஃபீல்டை விட்டு எடுத்து ஏதாவது ஆபீஸில் போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். நானும் கடைசி ஏழெட்டு வருஷம் தோளைப் பார்த்தே பாஸ் செய்தேன். இந்த வருஷம் அறையை மாற்றிவிட்டார்கள். சத்தம் போடுகிறவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

பறவைக் கிறுக்கு தொடங்கியது டவுன்ஷிப்பில்தான். குவார்ட்டர்ஸைச் சுற்றி மரம் அடர்த்தி. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எது எங்கே கத்துகிறது என்று காது தானாகப் பிரித்துக் கொடுக்கும். ரோலருக்குப் பழகிய காதில்லையா! எனக்குப் பறவையின் குரல் முதலில் பழக்கமாகும், பிறகுதான் உருவம். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கினேன். வாங்கி என்ன? வேலை, ஓவர்டைம், மகள் படிப்பு, அவள் கல்யாணம். வருஷத்துக்கு நாலு முறை ஏரிக்குப் போனால் பெரிது. மீதியை எல்லாம் ரிட்டயர்மென்டுக்கு என்று ஒதுக்கி வைத்தேன். ரிட்டயர் ஆனதும் பகல் முழுக்கப் படகில் கிடக்கப் போகிறேன், சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன், யாரும் என்னைத் தேடக் கூடாது என்று வீட்டில் வாய் ஓயாமல் சொல்லி வந்தேன். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிப் போனால் அந்த ஏரி. மார்கழி வெயில் முதுகில் இதமாக விழுந்தது. சுரங்கத்தில் அடியிலிருந்து பொங்கும் தண்ணீரை நிறுத்தாமல் இறைத்து வெளியே விட்டால்தான் நிலக்கரியை வெட்ட முடியும். அப்படி இறைக்கிற தண்ணீர் ஓடையில் வந்து இந்த ஏரியில் விழுகிறது. அதனால் மற்ற ஏரிகள் வெடித்துக் கிடக்கும் சித்திரையிலும் இதில் தண்ணீர் நிற்கும், பறவையும் நிற்கும். நான் எந்தப் பள்ளத்தில் காதைத் தொலைத்தேனோ அந்தப் பள்ளத்துத் தண்ணீரில்தான் இந்தப் பறவைகள் நீந்துகின்றன. யாரைப் போய்த் திட்டுவது?

கரையில் மீன்காரர் வேலிக்காத்தான் நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷப் பழக்கம். எப்போது போனாலும் தன் சின்ன ஃபைபர் படகில் என்னை ஏற்றி அவரே தள்ளிக்கொண்டு போவார். அன்றைக்கு நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"இன்னா சார், ஒண்டியாவா? உங்களுக்குக் கழி ஊன வராதே."

"துடுப்பு இருக்குல்ல. மெதுவா போயிட்டு வந்துடறேன்."

"சம்பு ஓரமா போவாதீங்க, அங்க வல உட்டிருக்கேன். சேத்துல மாட்டிகினா கத்துங்க, வரேன்" என்றவர், படகை நீரில் தள்ளிவிட்டுச் சொன்னார். "சிறவி எல்லாம் நடுத்திட்டாண்ட குந்திகினு இருக்குது. இந்த வாட்டி கூட்டம்னா கூட்டம்."

சிறவி என்று அவர் சொல்வது புத்தகத்தில் சீழ்க்கைச் சிறகி. பழுப்பு நிறத்தில் சின்ன வாத்து. பேருக்கேற்ற மாதிரி, பறக்கும்போது விடாமல் சீழ்க்கை அடித்துக்கொண்டே போகும். இரண்டு சுரம், இரண்டாவது கொஞ்சம் ஏறி இறங்கும். ஒன்று தொடங்கினால் கூட்டமே பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன். அது கேட்டுவிட்டால் டாக்டரம்மாவின் கோடு எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நினைத்திருந்தேன்.

மீன்காரரை ஏன் கூட்டிப் போகவில்லை என்றால், பக்கத்தில் ஆள் இருந்தால் நான் மறுபடி தோளைப் பார்ப்பேன். அவர் தலை திரும்பினால் சத்தம் வந்தது என்று தெரிந்துகொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நத்தைகுத்தி நாரை ஒன்று தலைக்கு மேல் போனது. இறக்கை காற்றை அறையும் ஓசை தெளிவாகக் கேட்டது. சம்புக் கோரைக்குள்ளிருந்து நீலத்தாழைக்கோழி கரகரவென்று கத்தியது. அதுவும் கேட்டது. ஆளைப் பார்க்கும் முன்பே கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ கேட்கிறதே, என்ன பெரிய கோடு போட்டுவிட்டார்கள் என்று வாய்விட்டே சொன்னேன். துடுப்பை வேகமாகப் போட்டேன்.

ஓரத்தில் தண்ணீருக்குள் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி வெளிர் ஊதாப் பூவோடு நின்றது. தமிழ்நாட்டில் எந்த ஏரியை, எந்த வாய்க்காலை அடைத்துக்கொண்டு அது முளைத்தாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அதற்கு முன்னால் முக்குளிப்பான் ஒரு ஜோடி மிதந்தது. கை அளவு பறவை. ஒன்று என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி அலகைத் திறந்தது. சலங்கையை உலுக்கின மாதிரி நீளமாக ஒரு சத்தம் போடும் அது. இரண்டு மூன்று விநாடி அலகு திறந்தே இருந்தது. தொண்டை துடித்ததைக்கூடப் பார்த்தேன். பிறகு இரண்டும் முங்கிவிட்டன.

காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். தண்ணீரில் அப்போது ஓர் அலைகூட இல்லை.

காட்டாமணக்குத் தண்டிலிருந்து கருப்பு வெள்ளை மீன்கொத்தி எழுந்து நீருக்கு மேல் ஒரே இடத்தில் நின்று இறக்கையடித்தது. அது கிறீச்சிடுவது கேட்டது. நிச்சயமாகக் கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஏதோ தோன்ற, கண்ணை மூடினேன். சத்தம் நின்றுவிட்டது. பறவை வாயை மூடிக்கொண்டது போல என்று கண்ணைத் திறந்தேன். அலகு அசைந்துகொண்டிருந்தது, சத்தமும் வந்தது. மூடினேன். இல்லை. திறந்தேன். வந்தது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. மீன்கொத்தி அலகை அசைக்க அசைக்க, பழைய சத்தத்தை என் மண்டையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறது? போன தை மாதம் இதே ஏரியில் கேட்டேன் என்று நோட்டில் எழுதி வைத்தேனே, அதெல்லாம் கேட்டதா, பார்த்ததா? பரிசோதனை அறையில் டாக்டரை ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். நாள் முழுக்க, எங்கு போனாலும், என்னைத்தான் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பெல்ட்டில் என் பின்னால் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் வருவார். நான் தாண்டிப் போன ரோலர்களில் சிலவற்றுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கோடு இருப்பதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை காட்டுகிறான், பெர்மனன்ட் ஆக அவசரம் என்று மனதுக்குள் நக்கல் அடித்தேன். அவை நான் கேட்காமல் விட்ட ரோலர்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. படகில் உட்கார்ந்தபடியே எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனாலும் சிறகி பாக்கி இருந்தது. அது ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு நப்பாசை. அதன் குரல் மீன்கொத்தி அளவுக்கு மெல்லிசு இல்லை, கூட்டமாக வேறு கத்தும், ஒன்று கேட்காவிட்டாலும் நூறு சேர்ந்தால் கேட்காதா என்று கணக்குப் போட்டேன். துடுப்பில் கை வழுக்கியது. வியர்த்திருந்தது.

நடுத்திட்டு மண்ணே தெரியாமல் சிறகிகள் உட்கார்ந்திருந்தன. எண்ண முடியாத கூட்டம். அவற்றை மிரட்டக் கூடாது என்று தள்ளியே படகை நிறுத்தினேன். பாதி தூங்கின. சில ஒற்றைக் காலில் நின்றன. ஒன்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. பைனாகுலரை எடுக்கவில்லை. துடுப்பைப் படகுக்குள் போட்டேன், மல்லாந்து படுத்தேன், துண்டை எடுத்துக் கண்ணுக்குக் குறுக்கே கட்டினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் துண்டுக்குள் சிவப்பாகத் தெரிந்தது. படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம், தூரத்தில் ரோட்டில் கரும்பு லாரி போகும் சத்தம். அப்புறம் திடீரென்று பெரிய சத்தம். நனைந்த போர்வையை நாலு பேர் சேர்ந்து உதறின மாதிரி, தொடர்ந்து, என் தலைக்கு மேலேயே. கூட்டம் எழும்பிவிட்டது. இறக்கைகள் ஒவ்வொன்றும் கேட்டன. வட்டமடித்துத் திரும்பி வருவதும் கேட்டது. இனி சீழ்க்கை வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இறக்கைச் சத்தம் மட்டும் போய்ப்போய் வந்தது.

துண்டை இழுத்தெறிந்தேன். வானம் முழுக்கச் சிறகிகள். கரும்பழுப்பு இறக்கையோடு ஒரு சேற்றுப் பூனைப்பருந்து திட்டுக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கிளம்பியிருக்கின்றன. மேலே போன அத்தனையும் அலகைத் திறந்து திறந்து மூடின. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் இதற்காகத்தானே ஏங்கினேன்! மண்டை இந்த முறை ஏமாற்றக்கூட இல்லை. அலகுகளைப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. அந்தச் சீழ்க்கையை நினைத்துப் பார்த்தேன். இரண்டு சுரம் என்று தெரிகிறது, இரண்டாவது ஏறி இறங்கும் என்று தெரிகிறது. சொல்லத் தெரிகிறது. எப்படி இருக்கும் என்று நினைவுக்கு வரவில்லை.

அழுதேன். ஐம்பத்தொன்பது வயது ஆள் நடு ஏரியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெல்ட் மேல் கோபம் இல்லை, டாக்டர் மேலும் இல்லை. பதினோரு மாதம் கழித்துத் தொடங்கலாம் என்று வைத்திருந்த வாழ்க்கை எனக்குத் தெரியாமலே எப்போதோ முடிந்து போயிருந்தது. எந்த வருஷம், எந்த நாள் கடைசியாகக் கேட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்காவது கொஞ்சம் கவனமாகக் கேட்டிருப்பேன்.

சிறகிகள் ஒவ்வொன்றாக இறங்கி மறுபடி திட்டில் உட்கார்ந்தன. படகு தானாக ஒதுங்கி அல்லிக் கொடிக்குள் போய் நின்றது. இலைக்கோழி ஒன்று நீண்ட விரல்களை வைத்து இலைமேல் நடந்து என் பக்கத்தில் வந்தது, பார்த்தது, போனது. அழகாகத்தான் இருந்தது. இனிமேல் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது பார்க்கவே பிடிக்கவில்லை. பொழுது சாயத் தொடங்கியதும் துடுப்பை எடுத்தேன்.

மீன்காரர் கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து படகின் முனையைப் பிடித்து இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா சார், பாத்தீங்களா கூட்டத்த? ஒரே சத்தம். இங்க கரையில குந்திகினு இருக்கேன், எனுக்கே காது கிழிஞ்சிபோச்சி."

"இங்க வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாவா! அந்தாண்ட மாடு மேய்க்கிறவங்கல்லாம் நின்னு பாத்தாங்க. நீங்க கிட்டக்கவே இருந்தீங்களே சார், உங்களுக்கு இன்னும் நல்லா கேட்டிருக்குமே."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். ஏழெட்டு வருஷமாகச் செய்து வந்ததுதானே. ஆனால் அந்த மனுஷன் சந்தோஷமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"எனக்குக் கேக்கலைங்க" என்றேன். "காது போயிடுச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க. அதான் தனியா போய்ப் பாத்தேன்."

யாரிடமும் அதுவரை நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. மனைவியிடம்கூட ரிப்போர்ட்டைக் காட்டினேனே தவிர வாயால் சொல்லவில்லை. அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. படகை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் கரையில் ஏற்றினார். துண்டை எடுத்துக் கொடுத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் பின்னாலேயே வந்து, என் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "பாத்துப் போங்க சார்! பின்னாடி லாரி வரும்!"

பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கும், அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் நான் பார்க்கிறேனா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, வாயை அகலமாகத் திறந்து, அதையே இன்னொரு முறை கத்தினார்.